வாங்காத இரண்டு பெட்டிகள்

மெல்போர்ன்
9 நவம்பர் 1999

மிக்கேஸ்,

மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் கான்கிரீட் லாரி வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை டார்வினில் எந்த லாரியும் வராது. நானும் அங்கே பிறந்தவள்தான்.

அதனால் கடிதம். இதையும் நீ பாதியில் வைத்துவிடலாம். ஆனால் மேஜைமேல் கிடக்கும்.

ஒரு கேள்விதான். ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் ஆட்களிடம் நீ சொல்வாயே, தங்கச்சி மண்ணில் இருக்கும் பூச்சியைப் பற்றிப் படிக்கிறாள் என்று. சரிதான். மண்ணில்தான் இருக்கிறது. மழை பெய்தால் மேலே வரும். திடகாத்திரமானவனைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சர்க்கரை உள்ளவன், குடித்துக் கெட்டவன், சிறுநீரகம் போனவன், இவர்களைத்தான் பிடிக்கும். ஜனவரியில் நீ பூட்ஸ் போடாமல் அஸ்திவாரக் குழிக்குள் இறங்கினாய். காலில் வெட்டு. உடம்பில் சர்க்கரை. அதற்கு அது போதும்.

ரத்தத்தில் சில செல்கள் இருக்கின்றன. அவற்றின் வேலையே தின்பதுதான். வெளியிலிருந்து எது வந்தாலும் வளைத்து, உள்ளே இழுத்து, ஒரு பைக்குள் போட்டு, அமிலம் ஊற்றிக் கரைத்துவிடும். இந்தக் கிருமி தப்பி ஓடுவதில்லை. தின்ன விடுகிறது. அமிலம் வருவதற்குள் பையைக் கிழித்துக்கொண்டு செல்லின் நடுவுக்கு வந்துவிடுகிறது. அங்கே அதை யாரும் தேடுவதில்லை. தேட வேண்டியவனின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பிறகு அந்தச் செல்லின் சொந்தச் சரக்கை எடுத்துப் பின்னால் ஒரு வால் கட்டிக்கொள்கிறது. வால் வளர வளர அது முன்னால் தள்ளப்படுகிறது. பக்கத்துச் செல்லின் சுவரை முட்டி உள்ளே போகிறது. ஒரு முறைகூட வெளியே தலைகாட்டுவதில்லை.

ஊசி, ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். உள்ளே இருப்பவை காத்திருக்கும். அதனால்தான் மூன்று மாதம் மாத்திரை. காலை இரண்டு, மாலை இரண்டு.

நீ அதை முடித்தாய். முடித்து மூன்று மாதத்தில், ஆகஸ்டில், மறுபடி விழுந்தாய். இரண்டு முறையும் உன் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை நான் ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. அப்படியென்றால் மூன்று மாத மருந்தையும் உள்ளே உட்கார்ந்தே கடந்துவிட்ட கிருமி அது. இதுவரை யாரும் அப்படி ஒன்றைக் காட்டியதில்லை. செப்டம்பரில் பிரிஸ்பேன் கருத்தரங்கில் இதைத்தான் சொன்னேன். இருநூறு பேர் இருந்தார்கள். என் ஆய்வுப் பட்டம் இதன்மேல்தான் நிற்கிறது. டிசம்பர் பத்தாம் தேதி கட்டுரை பத்திரிகைக்குப் போகிறது.

போன வாரம் ஓர் அட்டவணைக்காக உன் ஆஸ்பத்திரி மருந்தகத்திடம் தேதிகள் கேட்டேன். ஃபேக்ஸ் வந்தது. மாதத்துக்கு ஒரு பெட்டி வீதம் மூன்று பெட்டி. நீ வாங்கியது ஒன்று. மற்ற இரண்டும் வாங்கப்படவில்லை.

அவர்கள் குறித்ததில் தவறு இருக்கலாம். நீ வேறு கடையில் வாங்கியிருக்கலாம். காகிதத்தை நம்புவதைவிட உன்னைக் கேட்பது நல்லது என்று நினைத்தேன்.

முழுவதும் எடுத்துக்கொண்டாயா?

செவஸ்தி

ஃபேக்ஸில் கடைசியாக இன்னொரு வரி. ஆகஸ்டுக்குப் பிறகு கொடுத்த மூன்றிலும் இதுவரை ஒரு பெட்டிதான் வாங்கியிருக்கிறாய். இந்நேரம் மூன்றாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.


டார்வின்
18 நவம்பர்

குட்டி,

எழுதியிருக்க வேண்டும்தான். நாலு பக்கத்துல மூணே முக்கால் பக்கம் உன் பூச்சி. நான் பொழைப்பேனா மாட்டேனாங்கறது கையெழுத்துக்குக் கீழ.

மத்த பெட்டியை வேற கடையில வாங்கினேன். ரெண்டு தடவையும். சைட்டுக்குப் பக்கத்துல. ஆஸ்பத்திரி வரைக்கும் போய் ஒண்ணரை மணி நேரம் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு உட்கார எனக்கு நேரமில்லை. கடை பேரு எதுக்கு உனக்கு, அங்கேயும் ஃபேக்ஸ் அனுப்பவா?

தெமெலினா காலையிலயும் சாயந்திரமும் டம்ளர்ல தண்ணியோட வந்து நிக்கறா. கல்யாணம் ஆகி பத்தொன்பது வருஷத்துல அவ என்னை இப்படிப் பார்த்துக்கிட்டே நின்னதில்லை. ரெண்டு மாத்திரை தொண்டைக்குள்ள போறவரைக்கும் நிப்பா. போனதும் டம்ளரை வாங்கிக்கிட்டுப் போயிடுவா. நல்ல ஜெயில்.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். நான் என்ன வாங்கினேன், வாங்கலைன்னு அந்த மருந்துக்கடைக்காரன் உனக்கு எப்படிச் சொல்றான்? நீ என் தங்கச்சிங்கறதுக்காகவா? அப்படின்னா நாளைக்கு யார் வேணா தங்கச்சின்னு சொல்லிக்கிட்டு கேக்கலாமே.

இங்க மழை இன்னும் வரலை. வரும் வரும்னு வானம் கறுத்து மனுஷனைப் புழுக்கி எடுக்குது. வெயிலுக்குப் பயந்து விடியக்காலை நாலரைக்கே கான்கிரீட் ஸ்லாப் போட ஆரம்பிக்கறோம். என்கிட்ட வேலை செய்யற டொமிங்கோஸ் ஊர்ல இருந்து, திமோர்ல இருந்து, அவன் அண்ணன் குடும்பமே கப்பல்ல வந்து இறங்கியிருக்கு. ஆறு பேரு, ஒரே ரூம். அவன் சிரிச்சுக்கிட்டேதான் வேலை செய்யறான். இதை எதுக்கு எழுதறேன்னா, உன் கடிதத்துல ஊரைப் பத்தி ஒரு வரி கேக்கலை.

முழுங்கினேன். ஒவ்வொண்ணும் முழுங்கினேன். எழுதிக்கோ.

மிக்கேஸ்


மெல்போர்ன்
27 நவம்பர்

மிக்கேஸ்,

எழுதிக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த அன்று லேபில் எல்லோருக்கும் கேக் வாங்கினேன். காரணம் சொல்லவில்லை. அந்த ஃபேக்ஸ் வந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. உன்னைச் சந்தேகித்தேன், அதுதான் விஷயம். மன்னித்துவிடு.

ஜூனில் நீ இங்கே வந்தபோது கேட்ட கேள்வி நினைவில் இருக்கிறது. திரையில் உன்னிடமிருந்து எடுத்த கிருமிகள் எலியின் செல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் வால் நட்சத்திரம் மாதிரி. நீ குனிந்து பார்த்துவிட்டு, "எங்க போறதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாய். லேபில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். தெரியாது அதற்கு. பின்னாலிருந்து தள்ளப்படுகிறது, அவ்வளவுதான்.

கடைப் பெயரைப் பற்றி. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. மருந்து எங்கே, எந்தத் தேதியில் வாங்கப்பட்டது. என் ஆய்வில் உள்ள மற்ற பதினேழு நோயாளிகளுக்கும் அது நிரம்பியிருக்கிறது. உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தெமெலினாவுக்கு எழுதியிருக்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை. கடையின் பெயர் மட்டும்.

மூன்றாவது பெட்டி டிசம்பர் முதல் வாரம் முடியும் இல்லையா?

செவஸ்தி


டார்வின்
12 டிசம்பர்

செவஸ்தி,

தெமெலினாவுக்கு எழுதிட்ட.

அவ அதை சமையல்கட்டு மேஜையில வச்சுப் படிச்சா. நான் எதிர்ல உட்கார்ந்து ஆலிவ் தின்னுக்கிட்டிருந்தேன். படிச்சு முடிச்சா. கண்ணாடியைக் கழட்டினா. வெளியில போனா. என் வண்டிக் கதவு திறக்கற சத்தம் கேட்டுது. திரும்பி வந்தப்ப கையில ஒரு வெள்ளை டப்பா. எலும்புக்குச் சாப்பிடற சுண்ணாம்பு மாத்திரை டப்பா, சூப்பர்மார்க்கெட்ல விக்குமே, அது. ரெண்டாவது டப்பாவும் இருந்துது, காலி. அதுல நான் டைலுக்கு நடுவுல வைக்கிற பிளாஸ்டிக் சிலுவையைப் போட்டு வச்சிருக்கேன். மாசக்கணக்கா சீட்டுக்குக் கீழ உருண்டுக்கிட்டிருக்கு. அவளே எத்தனை தடவை காலால தள்ளிவிட்டிருப்பா.

மேஜை மேல வச்சா. ஒண்ணை எடுத்து ஆஸ்பத்திரிப் பெட்டியில இருந்த மாத்திரை பக்கத்துல வச்சா. ரெண்டும் வெள்ளை. ரெண்டும் நீளம். ரெண்டும் குதிரைக்குப் போடற சைஸ்.

"யாருக்கு எலும்பு?"ன்னு கேட்டா.

வாயில இருந்த ஆலிவ் கொட்டையை எடுத்துத் தட்டுல வச்சேன்.

"இத்தனை நாளா நான் தண்ணி பிடிச்சுக் குடுத்தது சுண்ணாம்புக்கா, மிக்கேஸ்?"

கத்தியிருந்தா பரவாயில்லை. பாராப்ல அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. நாலு நாளாச்சு.

சரி, இப்ப எழுதிக்கோ. ஒரு மாசம் ஒழுங்காத்தான் எடுத்தேன். தினம் வாந்தி. காலையில ஸ்லாப் போட்டுக்கிட்டிருக்கும்போது ஓடிப்போய் வேலிக்குப் பின்னால எடுப்பேன். பசங்க பார்த்தாங்க. டொமிங்கோஸ், "பாஸுக்கு எத்தனாவது மாசம்?"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மறுநாள் அந்த ஸ்லாப் வேலையைக் குடுத்த ஆளே வந்து, உனக்கு முடியலைன்னா வேற யாரையாவது பார்த்துக்கறேன்னான். அன்னைக்கு நிறுத்தினேன். நிறுத்தினதும் உடம்பு நல்லாயிடுச்சு. நல்லா இருக்கறவன் எதுக்கு மருந்து சாப்பிடணும்? ஆகஸ்ட்ல விழுந்தப்புறமும் அதேதான். ஒரு மாசம். அப்பறம் அந்தக் காலிப் பெட்டியில சுண்ணாம்பு.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேப்ப. ஜூன்ல உன் லேபுக்கு வந்தேனே. நீ அந்தத் திரையைக் காட்டி, "இது நீதான், மிக்கேஸ்"னு சொன்ன. பெருமையாச் சொன்ன. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது, என்கிட்ட இருந்து எடுத்தது உன்கிட்ட இருக்குன்னு. கேட்டப்ப, நீதானே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டன்னு சொன்ன. நூத்தி நாலு காய்ச்சல்ல ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தப்ப நீ நீட்டின காகிதம். ஆஸ்பத்திரிக்குன்னு நினைச்சேன். தங்கச்சி பிளேன் பிடிச்சு ஓடி வந்திருக்காளேன்னு நினைச்சேன்.

அப்பறம் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு மாத்திரை முழுசா எடுத்துக்கிட்டியான்னு கேட்ட. நோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்ட. அப்படிக் கேக்கறவங்களுக்கு என்ன பதில் வேணுமோ அதைக் குடுத்தேன்.

என்கிட்ட இருந்து எடுத்ததை எல்லாம் கொன்னுடு. ஒண்ணுவிடாம.

மிக்கேஸ்


மெல்போர்ன்
22 டிசம்பர்

மிக்கேஸ்,

கட்டுரை பத்தாம் தேதி போய்விட்டது. உன் கடிதம் பதினேழாம் தேதி வந்தது.

இதை எத்தனை முறை எழுதிக் கிழித்தேன் என்று சொல்லப் போவதில்லை.

நவம்பரில் கேட்டேன். நோட்டு இல்லாமல் கேட்டேன். நான்கு பக்கம் எழுதிக் கேட்டேன். "எழுதிக்கோ" என்று எழுதினாய். அந்த வார்த்தையை வைத்துத்தான் அனுப்பினேன். பதினெட்டுப் பேரில் பதினேழு பேருக்கு மருந்தகப் பதிவைப் பார்த்தேன். ஒருவனுக்கு மட்டும் அவன் வாய்வார்த்தையை நம்பினேன். என் லேபில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன்.

மருந்தை மீறி வாழும் கிருமி என்று எதுவும் இல்லை. மருந்தே போகவில்லை. சுண்ணாம்புதான் போனது. உள்ளே இருந்தது யாரும் தொந்தரவு செய்யாமல் உள்ளேயே இருந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற விஷயம். இதை நிரூபிக்க எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

கட்டுரையைத் திரும்பக் கேட்டு இன்று எழுதிவிட்டேன்.

ஃபாரம். நீ படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பேனாவை உன் விரலுக்குள் வைத்தது நான். உன் ரத்தம், உன் பதிவுகள், இரண்டையும் பார்க்க அனுமதி. நீ எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ எழுந்தாய். நான் சொல்லவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதற்கு வேறு காரணம் கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆனால் இதையும் நீ கேட்க வேண்டும். நான் அதை எடுத்ததால் நீ சாகப்போவதில்லை. நீ பொய் சொன்னதால் சாகலாம். இரண்டு முறை ஒரு மாதத்தோடு நிறுத்தியிருக்கிறாய். அது உனக்குள் இருக்கிறது. மண்ணீரலிலோ, எலும்பிலோ, எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. மழை வருகிறது. நீ மறுபடி ஈரத்தில் இறங்குவாய். அதற்குக்கூடத் தேவையில்லை. சர்க்கரை ஏறினால் போதும்.

இந்த வாரமே டாக்டரிடம் போ. என்ன செய்தாய் என்று சொல். என்னிடம் இனி எதுவும் சொல்ல வேண்டாம். அவரிடம் சொல்.

செவஸ்தி


டார்வின்
15 ஜனவரி 2000

நீ சொன்னதுக்காகப் போகலை. டாக்டரே கூப்பிட்டார். அவர் கையில நீ பத்திரிகைக்கு எழுதின கடிதத்தோட நகல். கட்டுரையில அவர் பேரும் இருக்காமே. எனக்குப் படிச்சுக் காட்டினார். "நோயாளியின் கூற்று பொய் எனத் தெரியவந்தது."

கூற்று. அண்ணன்னு ஒரு இடத்துலயாவது போட்டிருந்தியான்னு பார்த்தேன். இல்லை.

அவர் நல்ல மனுஷன். ஒண்ணும் சொல்லலை. நர்ஸ்தான் வெளியில சொல்லிட்டா. அந்த நர்ஸ் தெமெலினா அக்காவோட சர்ச்சுல பாடறவ. போன ஞாயித்துக்கிழமை ரொட்டி வாங்க வரிசையில நின்னப்ப பின்னால ஒருத்தன், சுண்ணாம்பு வேணும்னா மிக்கேஸ்கிட்ட கேளு, சிமெண்டும் தருவான்னான். நாப்பத்திநாலு வருஷம் இந்த ஊர்ல இருக்கேன். இருபத்தாறு வருஷம் இவனுங்களுக்கு வீடு கட்டியிருக்கேன்.

மூணு பெட்டியையும் ஒரே நாள்ல வாங்கிட்டேன். மேஜை மேல இருக்கு. பிரிக்கலை. பிரிச்சா நீ சொன்னதைக் கேட்ட மாதிரி ஆயிடும்.

மழை வந்துடுச்சு. ராத்திரி பகல் தெரியாம கொட்டுது. வியர்த்துக்கிட்டே இருக்கு. எல்லாருக்கும்தான் வியர்க்குது.

கொன்னியா?


மெல்போர்ன்
24 ஜனவரி

மிக்கேஸ்,

பெட்டியைப் பிரி.

என்னைத் திட்டிக்கொண்டே பிரி. நான் சொன்னதற்கு நேர்மாறாக என்று நினைத்துக்கொண்டு பிரி. யார் சொல்லியும் இல்லை என்று பிரி.

வியர்வை இரவில் வருகிறதா, நடுக்கத்தோடு வருகிறதா?

போனை எடு.

செவஸ்தி


டார்வின், ஆஸ்பத்திரி
13 பிப்ரவரி

செவஸ்தி,

ஆறு நாள் மூச்சுக்குழாய் போட்டிருந்தாங்களாம். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நீ தினம் வார்டுக்கு போன் பண்ணினதா நர்ஸ் சொன்னா. வரணும்னு கேட்டியாம். வரவேண்டாம்னு தெமெலினா சொன்னாளாம். அவ சொன்னது சரி.

படுத்துக்கிட்டே எழுதறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

டொமிங்கோஸ்தான் என்னைக் கண்டுபிடிச்சான். சைட்டுக்கு வரலைன்னு வீட்டுக்கு வந்து பார்த்திருக்கான். பாத்ரூம்ல விழுந்து கிடந்திருக்கேன். மாத்திரை பெட்டி மூணும் மேஜை மேல அப்படியே. அவன் ஒரு பெட்டியைப் பிரிச்சு என் வாயில ரெண்டைப் போட்டுட்டு அப்பறம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கான். நான் துப்பிட்டேனாம்.

தெமெலினா தினம் வரா. கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து லேஸ் பின்றா. பேசறதில்லை. நர்ஸ் சர்க்கரை மாத்திரை குடுத்தா முழுங்கினப்புறம் எழுந்து வருவா. "நாக்கைத் தூக்கு"ம்பா. தூக்குவேன். பார்ப்பா. போய் உட்காருவா. இந்த ஒரு வார்த்தைதான் இப்ப எங்க குடும்பம்.

நேத்து டாக்டர் ஒரு ஃபாரம் கொண்டு வந்தார். இந்த மூணாவது தடவை வளர்ந்ததை உன் லேபுக்கு அனுப்பலாமான்னு. ஒரு வருஷம் உள்ளே இருந்து எப்படி மாறியிருக்குன்னு பார்த்தா உன் பட்டம் தப்பிக்குமாம். பொய்ங்கறதை விட்டுட்டு வேற மாதிரி எழுதலாமாம். உனக்காக அவர் ரொம்பப் பேசினார்.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு பக்கமும் படிச்சேன். புரியாத இடத்துல நிறுத்திக் கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. இதுக்கு முன்னாடி இதுல கையெழுத்துப் போட்டவன் ஒரு வரி படிச்சிருந்தா போட்டிருக்கமாட்டான்.

சம்மதமில்லைங்கற இடத்துல டிக் போட்டேன்.

உன்மேல இருக்கற கோபத்துல போட்டேன்னு நீ நினைச்சுக்கலாம். அதுவும் உண்டு. ஆனா எனக்குள்ள இருக்கற எல்லாத்தையும் பார்த்துட்ட. மிச்சம் ஒண்ணு எனக்கு இருக்கட்டும்.

மூணாவது தடவையா கேக்கறேன். கொன்னியா?

மிக்கேஸ்


மெல்போர்ன்
25 பிப்ரவரி

மிக்கேஸ்,

என்னிடம் இருந்ததைக் கொன்றுவிட்டேன்.

உறைபெட்டியில் நாற்பத்தொரு குப்பிகள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. பையில் போட்டு, நீராவிக் கொப்பரையில் வைத்து, நூற்றிருபத்தொரு டிகிரியில் முக்கால் மணி நேரம். வழக்கமாக இருபது நிமிடம் போதும். கூடவே நின்றேன். கதவைத் திறந்தபோது வெந்த முட்டைக்கோஸ் வாசனை. பேராசிரியர் வந்து, இனி என்ன செய்யப் போகிறாய் என்றார். தெரியாது என்றேன். அடுத்த மாதத்தோடு இங்கே என் இடம் முடிகிறது. அதை உனக்குக் குறையாகச் சொல்லவில்லை.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். முடித்திருந்தால் நீ நம்பியிருப்பாய்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கிருமியைப் பற்றி மேடையில் பேசிவிட்டால், கேட்கிறவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவனை யாரும் நம்புவதில்லை. பிரிஸ்பேனில் நீ திரையில் பார்த்த அந்தப் படத்தைக் காட்டினேன். கருத்தரங்கு முடிவதற்குள் ஐந்து பேர் கேட்டார்கள். அக்டோபரில் ஐந்து பேருக்கும் அனுப்பினேன். உலர்பனியில், மூன்று உறைக்குள், சுங்கத்துக்குத் தனிக் காகிதத்தோடு. ஆசையாக அனுப்பினேன். நீ முதல் முறை "கொன்னுடு" என்று எழுதியபோதே அவை நான்கு நாடுகளில் இருந்தன. சொல்லவில்லை. நீ கேட்டாய், நான் வேறு எதையோ எழுதினேன். நீ மறுபடி கேட்டாய், நான் வியர்வையைப் பற்றி விசாரித்தேன்.

ஐந்து பேருக்கும் எழுதியிருக்கிறேன், அழித்துவிடச் சொல்லி. இரண்டு பேர் அழித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் பதில் எழுதவில்லை. ஒருவர் முடியாது என்றார், சம்மதக் காகிதத்தில் கையெழுத்து சரியாக இருக்கிறதாம். ஐந்தாவது ஆள் தன் மாணவிக்குக் கொடுத்து, அவள் அதை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். முகவரி தெரியாது என்கிறார். முடியாது என்றவருக்கு மறுபடி எழுதினேன். அது என் அண்ணனுடையது என்று எழுதினேன். எங்களிடம் அண்ணன்கள் இல்லை, எண்கள்தான் இருக்கின்றன என்று பதில் வந்தது. நகைச்சுவையாக எழுதியிருக்கிறார்.

இனி அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. நீ போன பிறகும், நான் போன பிறகும் எங்கோ ஒரு தட்டில் யாரோ அதற்கு உணவு மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதைச் செய்தது நான். காய்ச்சலில் கிடந்தவன் கையில் பேனாவை வைத்த அன்றே செய்துவிட்டேன்.

மாத்திரை எப்போது ஆரம்பிக்கிறது? பதில் எழுத வேண்டாம். ஆரம்பித்தால் போதும்.

செவஸ்தி


டார்வின்
4 ஜூன் 2000

செவஸ்தி,

உன் கடிதம் மார்ச் மாசமே வந்துடுச்சு. பதில் எழுத வேண்டாம்னு போட்டிருந்த. எழுதலை.

இப்ப எழுதறது வேற யாருக்கும் சொல்ல முடியாததால.

முடிச்சுட்டேன். மூணு பெட்டி. வாந்தி இந்தத் தடவையும் இருந்துது. டொமிங்கோஸ்கிட்ட சைட்டைக் குடுத்துட்டு வீட்ல உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ஆள் பன்னெண்டு கிலோ குறைஞ்சிருக்கேன். சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு.

முதல் மாசம் தெமெலினா வந்தா. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, பாராப்ல இருந்து பஸ் ஏறி. முப்பதாவது நாள் பெட்டி காலியானதும் அதைக் கையில வாங்கி, திருப்பிப் பார்த்துட்டு, குப்பையில போட்டா. இனிமே வரமாட்டேன்னா. நீ எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கலைன்னாலும் நான் இனிமே பார்க்கறதா இல்லைன்னா. வரலை.

அப்பறம் ரெண்டு மாசம் தனியா. யாரும் நிக்கலை. யாரும் நாக்கைத் தூக்கச் சொல்லலை. சாப்பிடாம சாக்கடையில போட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரியாது. தினம் நாலு மாத்திரை, ஒரு வேளைகூட விடலை. ஏன்னு எனக்கே சரியாத் தெரியலை. உனக்காக இல்லை.

நேத்து டாக்டரைப் பார்க்கப் போனேன். ரத்தம் சுத்தமா இருக்கு, இருந்தாலும் இன்னும் ஒரு வருஷம் பார்த்துக்கணும்னார். முழுசா எடுத்தீங்களான்னு கேட்டார். எடுத்தேன்னேன். ஃபைல்ல எழுத ஆரம்பிச்சார். எதிர்ப்பக்கத்துல உட்கார்ந்து தலைகீழாப் படிச்சேன். நோயாளி மூன்று மாத மருந்தையும் முழுமையாக எடுத்துக்கொண்டார்.

அவர் பேனாவைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"நீங்க பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன்.

இல்லைன்னார்.

"அப்ப அப்படி எழுதாதீங்க. எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்னு எழுதுங்க."

எழுதினதை அடிச்சுட்டு, நான் சொன்ன மாதிரியே எழுதினார்.

மிக்கேஸ்